வியாபாரமும் கம்பியில்லா இணையமும்



பிறந்த மாநிலத்தை விட்டு வெளியே வந்து தொழில் நடத்தும் தமிழ் மக்களை இன்று ஒரு கேள்வி எதிர்கொள்கிறது. மும்பை மாதுங்காவில் உணவுச்சாலை நடத்துபவராயினும், தில்லி கரோல்பாக்கில் துணிக்கடை வைத்திருப்பவராயினும், பெங்களூரில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துபவராயினும், கொல்கத்தாவில் சரக்குக் கிடங்கை மேற்பார்ப்பவராயினும், 'எந்த வைஃபையை வாங்குவது?' என்னும் கேள்விக்கு என்றேனும் ஒருநாள் விடை காண வேண்டியிருக்கிறது. கடைக்காரர் 4, 5, 6, 7 என்று எண்களை அடுக்குகிறார். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. பெரிய எண்ணே சிறந்தது என்று எண்ணிப் பெரும் பணத்தைக் கொட்டுவோர் உண்டு. எதுவாயிருந்தால் என்ன என்று கைக்குக் கிடைத்த மலிவான பெட்டியை வாங்கி மாட்டுவோரும் உண்டு. இவ்விரு சாராருமே நஷ்டமடையக்கூடும்.

இது அற்ப விஷயமன்று. யுபிஐ மூலம் பணம் வாங்குவது, பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்குச் சமர்ப்பிப்பது, உணவு விநியோக நிறுவனங்களின் ஆர்டர்களைப் பெறுவது, கண்காணிப்புக் காமிரா ஆகிய எல்லாம் இன்று அந்தச் சிறு பெட்டியை நம்பியே நடக்கின்றன. பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூட்டம் நெருக்கும் வேளையில் அது செயலற்றுப் போனால், கல்லாவின் முன் வரிசை நீளும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் அடுத்த கடைக்குச் செல்வார். கையிருப்பை முதலாக்கி அயலூரில் கடை வைத்தவருக்கு அந்த வாடிக்கையாளரின் இழப்பு சிறிய இழப்பன்று. ஆகவே தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்றே விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், தரம் என்பது யாது? இரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நமது நாட்டின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. மீட்டர் பாதையில் 1000 மில்லிமீட்டர். இந்த அளவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருப்பதால்தான், எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த வண்டி எங்கோ ஒரு பாதையில் ஓடுகிறது. அதுபோலவே, ஒரு நிறுவனம் செய்த கைபேசியும் மற்றொரு நிறுவனம் செய்த ரௌட்டரும் ஒன்றோடொன்று பேசுவதற்கு உடன்பட்ட விதிகள் வேண்டும். ஐ.இ.இ.இ. எனப்படும் பொறியியலாளர் சங்கம் 802.11 என்ற எண்ணின்கீழ் அவ்விதிகளை வகுத்து வருகிறது. இரயில் பாதைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. மீட்டர் பாதை வண்டி அகலப் பாதையில் ஓடாது. ஆனால் பழைய வைஃபைக் கருவி பெரும்பாலும் புதிய ரௌட்டரோடு இணைந்துகொள்ளும். தன்னுடைய பழைய வேகத்திலேயே பேசும்.

முதல் விதித்தொகுதி 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999-இல் அது 11 மெகாபிட் ஆயிற்று. அதே ஆண்டில் வேறோர் அலைவரிசையில் 54 மெகாபிட் வேகமும் வகுக்கப்பட்டது. 2009-இல் வந்த தரத்தின் உச்சம் 600 மெகாபிட். 2013-இலும் 2021-இலும் மேலும் இரு தரங்கள் வந்தன. இவற்றிற்கு இடப்பட்டிருந்த ஆங்கில எழுத்துகள் சாமானியருக்கு விளங்காமற் போகவே, வைஃபை கூட்டமைப்பு 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் எளிய எண்களைச் சூட்டியது. 2009-இன் தரம் வைஃபை 4; 2013-இன் தரம் வைஃபை 5; 2021-இல் இறுதி வடிவம் பெற்றது வைஃபை 6. வைஃபை 7 கருவிகளுக்குச் சான்றிதழ் வழங்குவது 2024 ஜனவரியில் தொடங்கியது.

எண்ணைவிட முக்கியமானது அலைவரிசை. வைஃபை வானொலியின் உடன்பிறப்பு. இதுவும் வான்வழி செல்லும் மின்காந்த அலையே. கொல்கத்தா அன்பர்கள் பெருமையுடன் நினைவுகூரத் தக்க ஜகதீச சந்திர போஸ், அந்நகரின் பிரசிடென்ஸி கல்லூரியில் 1890-களில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். இன்றைய வைஃபை அலைகள் அவற்றைவிட நீளமானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்.

இவ்விரண்டின் குணங்களும் வெவ்வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கற்சுவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் செல்லும். ஆனால் அதன் பாதை குறுகியது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட இவ்வரிசையின் முழு அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் ஒன்றோடொன்று மோதாமல் அமையக்கூடிய தடங்கள் மூன்றே. அவை 1, 6, 11 என்ற எண்களை உடையவை. மாடிக்கு மாடி ரௌட்டர் இருக்கும் கட்டடத்தில் இம்மூன்று தடங்களையும் நூறு பேர் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. போதாக்குறைக்கு, மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில் வேலை செய்கிறது. சமையற்கட்டில் அடுப்பு சுழலும்போது கல்லாவில் இணைப்பு தடுமாறுவதற்கு அது காரணமாயிருக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் அலையோ சுவரில் விரைவில் வலுவிழக்கும். ஆனால் அதன் பாதை மிக அகன்றது. நமது அரசு 2018 அக்டோபரில் இவ்வரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவைக் கட்டடத்தின் உள்ளும் புறமும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. முன்னதைக் குறுகிய சந்து என்றால் பின்னதைப் பெருஞ்சாலை எனலாம். ஆயினும் சந்துக்கும் உபயோகம் உண்டு. கடைகளில் உள்ள அட்டை தேய்க்கும் இயந்திரங்கள், அச்சுப்பொறிகள், காமிராக்கள் ஆகியவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசக்கூடியவை. எனவே இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் பெட்டியையே வாங்குதல் வேண்டும். ஒற்றை அலைவரிசைப் பெட்டி எவ்வளவு மலிவாயினும் வியாபாரத்திற்கு உதவாது.

அடுத்து, பெட்டியின்மீது அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வைஃபை 5 பெட்டியொன்றின்மீது '1200' என்று கண்டால், அதன் பொருள் என்ன? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, ஆக ஏறக்குறைய 1200 என்பதே. உங்கள் கைபேசி பொதுவாக ஒரு சமயத்தில் ஓர் அலைவரிசையில்தான் பேசுகிறது. ஆகவே இக்கூட்டுத்தொகை எந்த ஒரு கருவிக்கும் கிடைப்பதில்லை. கிடைக்கும் பகுதியிலும் கணிசமான பங்கு கருவிகள் தமக்குள் முறை வைத்துப் பேசுவதிலேயே செலவாகிவிடும். இவை யாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து வரும் ஃபைபர் இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட் என்றால், உள்ளே எத்தனை ஆயிரம் மெகாபிட் பெட்டி வைத்தாலும் இணையத்திலிருந்து வருவது 100 மெகாபிட்தான். குழாயில் வரும் நீர் சிறுகச் சிறுக வருமாயின், பெரிய அண்டாவை வைப்பதால் நீர் பெருகாது.

அப்படியானால் புதிய தரத்தால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அப்பயன் வேகத்தைவிடக் கூட்டத்தைச் சமாளிப்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஓர் இலைக்கு உப்பு முதல் மோர் வரை அனைத்தையும் பரிமாறி முடித்த பின்னரே அடுத்த இலைக்குச் செல்வது என்று விதி வைத்தால், கடைசி இலைக்காரர் பசியால் வாடிப் போவார். பழைய தரங்களின் விதி ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. ஒரு கருவி பேசும் வரை தடம் முழுவதும் அதற்கே; மற்றவை வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். யுபிஐ செய்தி மிகச் சிறியதே ஆயினும், அதுவும் தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும். வைஃபை 6 இவ்விதியை மாற்றியது. தடத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒரே வேளையில் பல கருவிகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தில் ஒன்பது கருவிகள் வரை ஒருங்கே பேச இவ்விதி இடமளிக்கிறது. வரிசை முழுவதற்கும் சோறு, வரிசை முழுவதற்கும் சாம்பார் என்று பரிமாறுவது போன்றது இது. ஆனால் இச்சலுகை வைஃபை 6 அறிந்த கருவிகளுக்கே கிடைக்கும். கடையிலுள்ள கருவிகள் எல்லாம் பழையனவாக இருக்கையில் பெட்டியை மட்டும் மாற்றினால், அதன் முழுப் பயனையும் பெற இயலாது.

வைஃபை 7 பற்றி இப்போது பலரும் கேட்கின்றனர். அதன் தலையாய சிறப்புகள் இரண்டு. ஒன்று, ஒரே கருவி இரண்டு மூன்று அலைவரிசைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் ஆற்றல். மற்றொன்று, 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள மிகப் பெரிய தடம். அந்த அகன்ற தடம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் அமையும். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அவ்வரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நமது தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்ட வரைவு விதிகள், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 500 மெகாஹெர்ட்ஸைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கானவை. அமெரிக்க அளவில் 320 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் மூன்று அமையும். 500 மெகாஹெர்ட்ஸில் ஒன்றே அமையும். ஆகவே வெளிநாட்டு விளம்பரங்களில் காணும் வேகத்தை நம் கடையில் அப்படியே எதிர்பார்த்தல் கூடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியைத் தொழிலுக்கு வைப்பதும் உகந்ததன்று. அது அந்நாட்டு அலைவரிசை விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டிருக்கலாம். இந்தியாவில் விற்கும் கம்பியில்லாக் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கருவிவகை ஒப்புதல் இருத்தல் வேண்டும். வாங்குமுன் அதைக் கேட்டறிவது நலம்.

இனி, தொழிலுக்குத் தக்கவாறு எவ்வாறு தேர்வது என்று பார்ப்போம்.

இருபது மேசைகளுள்ள ஓர் உணவுச்சாலை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கணினி ஒன்று, அட்டை இயந்திரம் ஒன்று, ஆர்டர் வாங்கும் கைக்கருவிகள் நான்கைந்து, காமிராக்கள் சில. இவற்றோடு வாடிக்கையாளர்களின் கைபேசிகள். இங்கே வேகத்தின் தேவை குறைவு, நெருக்கடி அதிகம். இதற்கு ஏற்றது வைஃபை 6. வைஃபை 7-க்கு அதிகப் பணம் கொடுப்பதால் இட்லி விரைவில் வெந்துவிடப் போவதில்லை.

கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்கின்றனர். மேசை இடம் மாறாது. இங்கே கணினிகளைக் கேபிள் வழியாகவே இணைத்துவிடலாம். கேபிளில் சுவரின் தொல்லை இல்லை, அண்டை வீட்டாரின் தொல்லையும் இல்லை. மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் மட்டும் வைஃபை போதும். ஏற்கெனவே ஒழுங்காக இயங்கும் வைஃபை 5 பெட்டி இருக்குமாயின், அதன் உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பும் வரையில், மாற்ற அவசரம் வேண்டுவதில்லை.

சரக்குக் கிடங்கின் நிலை வேறு. இரும்பு அலமாரிகளும் தகரக் கூரையும் அலையைத் திருப்பியடிக்கும், மறைக்கும். அங்கே ஒரே பெட்டியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கி மூலையில் வைத்தாலும் மறுமூலைக்கு எட்டாது. மிதமான விலையுள்ள பெட்டிகள் மூன்றை வெவ்வேறு இடங்களில், உயரத்தில் பொருத்தி, அவற்றை ஒன்றோடொன்று கேபிளால் இணைப்பதே வழி. சாதாரணக் கட்டட வலைக் கேபிள் 100 மீட்டர் வரை செல்லும். கேபிள் போடச் சோம்பி, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவிகளை வைத்தால், வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே தடத்தைப் பயன்படுத்துவன வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

தங்கும் விடுதி நடத்துவோர் நிலை கிடங்குக்காரரின் நிலைக்கு ஒப்பானதே. அறைக்கு அறை சுவர் இருப்பதால் மாடிக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள் தேவைப்படும். இரவில் எல்லா அறைகளிலும் படம் பார்க்கும் வேளையே அவர்களுக்குச் சோதனை வேளை. வெளியிணைப்பின் அளவும் அதற்குத் தக்கதாக இருத்தல் வேண்டும்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பின், காவலைப் பற்றிப் பேசாதிருத்தல் தகாது. 2008 ஜூலையில், அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னர், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் காவலற்ற வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அந்த இணைப்புக்கு உரியவர் போலீஸ் விசாரணைக்கு ஆளாக நேர்ந்தது. 2009-இல் தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவுகள் பிறப்பித்தது. தெரியாத ஒருவர் உங்கள் இணைப்பைப் பயன்படுத்திச் செய்யும் குற்றத்திற்கு, முதலில் விசாரிக்கப்படுபவர் நீங்களாகவே இருப்பீர்கள். அயலூரில், மொழி முற்றிலும் பழகாத இடத்தில், அத்தகைய இன்னல் எவருக்கும் வேண்டாம்.

பழைய காவல்முறைகளில் முதலாவதான டபிள்யூ.இ.பி. 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது; அதை எந்நிலையிலும் உபயோகித்தல் ஆகாது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 நெடுநாள் காத்தது. அதிலும் 2017-இல் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. 2018-இல் டபிள்யூ.பி.ஏ. 3 வந்தது. வைஃபை 6 சான்றிதழ் பெறும் கருவியில் இது இருந்தே தீர வேண்டும். புதிதாக வாங்குவோர் வைஃபை 6-ஐ நாடுவதற்கு இதுவும் ஒரு தக்க காரணம்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் கல்லாவின் வைஃபையும் ஒன்றாயிருத்தல் கூடாது. விருந்தினர் வலை என்று தனியே ஒன்று அமைக்கும் வசதி இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் உண்டு. விருந்தினரைக் கூடத்தில் அமர்த்தலாம்; பணப்பெட்டி உள்ள அறையின் சாவியைக் கொடுக்கலாமா? பெட்டி வரும்போதே அமைந்திருக்கும் கடவுச்சொல்லையும் முதல்நாளே மாற்றிவிட வேண்டும். பொதுமக்களுக்கு வைஃபை வழங்குவதையே ஒரு சிறு வருவாயாக்க விரும்புவோருக்கு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வாணி திட்டம் உண்டு. அதன்படி சிறு கடைக்காரர் உரிமக் கட்டணமின்றிப் பொதுத் தரவு நிலையம் நடத்தலாம். பயன்படுத்துவோரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கும் அதில் ஒழுங்கான முறை வகுக்கப்பட்டிருக்கிறது.

முடிவாக, பணத்தைச் செலவிடும் வரிசையைச் சொல்லி அமைகிறேன். முதலாவதாக, நல்ல வெளியிணைப்பு. இரண்டாவதாக, இடம் பெயராத கருவிகளுக்குக் கேபிள். மூன்றாவதாக, மின்சாரம் நின்றாலும் பெட்டி நிற்காதிருக்க இன்வெர்ட்டரோ சிறு யு.பி.எஸ். கருவியோ. நான்காவதாக, பெட்டி வைக்கும் இடம். அதை இரும்புப் பீரோவின் பின்னாலோ கல்லாமேசையின் அடியிலோ ஒளித்து வையாமல், நடுவிடத்தில் உயரமாக வைத்தல். ஐந்தாவதாகவே தரத்தின் எண். இன்று புதிதாக வாங்கும் பெரும்பாலான சிறு தொழில்களுக்கு வைஃபை 6 பொருத்தமானது. வைஃபை 4-ஐ மட்டும் அறிந்த பெட்டியைப் புதிதாக வாங்குதல் வேண்டாம். வெளியிணைப்பு பன்மடங்கு பெரிதாயிருந்து, கருவிகளும் புதியனவாயிருந்து, பெரிய கோப்புகளை ஓயாது கையாளும் தொழிலுக்கு வைஃபை 7 ஏற்றது.

வாங்கச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, கடையில் எத்தனை கருவிகள் உள்ளன, அவற்றுள் எவை எந்தத் தரத்தைச் சேர்ந்தவை, நடுவே எத்தனை சுவர்கள், வெளியிணைப்பு எவ்வளவு என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரிடம், எந்த ஊர்க் கடைக்காரரும் தேவையற்றதை எளிதில் விற்றுவிட முடியாது.